உறுதி

தம்பிக்கு முதல் மனிதன் வேண்டுமாம்.
மெல்பேணில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டான்
சிங்கமும் கப்பலும் கீறிய கேடயத்தை.
கீழே ஒரு வரி மட்டும் வெறுமையாய்க் கிடக்கிறது.
"கப்பித்தானாத்தான் இருப்பான் அக்கா,
எங்கட மூக்கைப் பாருங்கோ."

மூக்கைக் கொண்டுபோய்
காணிக் கந்தோரில் காட்ட ஏலாது.
தாட்சாயணி முகமூடியைப் போட்டுக்கொண்டு
தோம்பின் பிரதியை விரிக்கிறாள்.
பூச்சி துளைத்த ஓட்டைகளுக்குள்ளால்
அடுத்த பக்கத்து ஆள் எட்டிப் பார்க்கிறான்.
பன்னிரண்டரைக்கு அவளுக்குச் சாப்பாடு,
கெதியாய்ப் பாருங்கோ என்கிறாள்.

ஆளுக்கு முன்னம் காணி அகப்பட்டது.
திரிக்கன் வளவு, மூன்று பரப்பு ஐந்து குழி.
கிழக்கு ஒழுங்கை.
வடக்கு சின்னாச்சி பங்கு.
மேற்கு வெள்ளவாய்க்கால்.
தெற்கு, கறையான்.

அப்பா டிரிக்சன்.
அப்பாவின் பூட்டன் திரிக்கு சாமுவேல்.
அதற்கும் பின்னால் வெறும் திரிக்கன்.
போகப்போக எங்கள் பெயர்
சட்டையைக் கழற்றிக்கொண்டு நடந்தது,
கடற்கரை வரைக்கும்.

கோயிற் பேரேட்டின் படத்தை
கைத்தொலைபேசியில் பெருப்பித்துப் பெருப்பித்து
அந்த எழுத்துக்குக் கண் பழக ஒரு மாதம் போயிற்று.
ஒவ்வொரு 'எச்'சும் ஒரு தூண்டில்.
பிறகு ஒருநாள் கரண்ட் போன இரவில்
தானாய் வாசிபட்டது:

டீர்க் யான்ஸ். ஹோர்ன் பட்டினத்தான்.
கப்பற்பாய் தைப்பவன்.
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றேழு ஆடியில்
ஊர்காவற்றுறையில் இறங்கினான்.
அடுத்த புரட்டாதியில் காய்ச்சல், கோட்டைக்குள் குழி.
விட்டுப்போனவை
ஊசி பதினொன்று, கம்பளி ஒன்று,
சாராயக் கடன் நாலு இறைசால்.

தம்பி, கப்பித்தான் இல்லையடா.
ஊசிக்காரன்.

இதோடு மூடியிருக்கலாம்.
மூடவில்லை, ஏனென்றால் பிள்ளையைக் காணவில்லை.
பிள்ளை வேறு பக்கத்தில் இருந்தது:
ஆயிரத்து எழுநூற்றிரண்டு, தை. ஞானஸ்நானம்.
பெயர் பிலிப். தகப்பன் டீர்க் யான்ஸ்.
தாய் சபினா, நாகபட்டினத்தாள்.

விரல் விட்டு எண்ணினேன்.
பிறகு பென்சிலால்.
செத்து மூன்று வருடம் நாலு மாதம்.

எழுதுகிறவன் தகப்பன் பெயர் கேட்டபோது
அவள் கோட்டைக்குள் கிடந்த குழியொன்றை
நினைத்திருக்க வேண்டும்.
உயிரோடு இருந்தவன் எவனோ, அவன் இல்லையென்று சொல்லுவான்.
செத்தவன் வந்து மறுக்கமாட்டான்.

அவளும் இறங்கினவள்தான்.
அவனுக்கு ஒரு வருடம் முன்னம், அதே துறையில்.
தோணிக் கணக்கில் இருக்கிறாள்:
நெல் நாற்பது மூடை,
சாயவேர் ஆறு கட்டு,
பெண் ஒன்று, வயது பன்னிரண்டு இருக்கலாம்.
சபினா இங்கே வைத்த பெயர்.
அங்கே பஞ்சத்துக்கு முன்னம்
அவளைச் சாப்பிடக் கூப்பிட்ட பெயரை
எந்தக் கணக்கிலும் காணேன்.

டீர்க்கிடமிருந்து எங்களுக்கு வந்தது
மூக்கு இல்லை. பெயர், அதுவும் இரவல்.
இன்னும் அவன் ஊராட்கள் விட்டுப்போன சில சொற்கள்.
கந்தோர். துட்டு. லாச்சி.

தம்பி எடுத்தான்.
அங்கே விடியப்புறம், குரல் நித்திரையில்.
"உறுதியோ அக்கா?"
உறுதியென்றால் எங்கள் ஊரில் காணிப் பத்திரம்.
அதற்குத்தான் தெற்கு எல்லை இல்லையே என்றேன்.
சிரிப்பான் என்று பார்த்தேன்.
கொஞ்ச நேரம் கடல் இரைவது போல் ஒரு சத்தம்.
அவன் வீட்டுக் குளிர்பெட்டியாய் இருக்கலாம்.

"அந்த வரியில அப்ப என்னத்தை எழுத?"

பெண் ஒன்று என்று எழுது, என்றேன்.
"இருக்கலாம்" என்பதையும் சேர்த்து எழுது.
அவன் எழுதுவானோ தெரியாது.
சட்டத்துக்குக் காசு கட்டியாயிற்று என்கிறான்.

படப்பிரதியை நாலாய் மடித்தேன்.
லாச்சி இந்த மாரிக்கு ஊதிப்போய்
முக்கால்வாசிதான் மூடுகிறது.